டபுள் சவுண்ட் கேரண்டி

கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் தாள்தான் அந்த வழக்கில் எங்கள் முதல் சான்றாவணம். மேலே கடையின் பெயர் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே பேனாவில் "கிட்டார் ஆம்ப்ளிஃபயர் 100 வாட்ஸ் – 1, ஸ்பீக்கர் பாக்ஸ் 12 இஞ்ச் – 1" என்று எழுதி, விலை போட்டு, கடைசியில் அடிக்கோடிட்டு ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "பழைய 50 வாட்ஸைவிட டபுள் சவுண்ட். கேரண்டி." கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. இந்த வரியை வாயால் சொல்லி விட்டிருந்தால் நான் வக்காலத்தே வாங்கியிருக்க மாட்டேன்.

கட்சிக்காரர் மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்த இளைஞர். பங்குனி, சித்திரை வந்தால் கோயில் கொடை, பொங்கல் விழா என்று தென்மாவட்ட மேடைகளில் ஓய்வில்லாத வேலை. ட்ரம்ஸ், பேட், இரண்டு கீபோர்டு, பேஸ் கிட்டார் இத்தனைக்கும் நடுவில் இவருடைய கிட்டார் எடுபடவில்லை என்று குழுவை நடத்திய அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இவரும் சீட்டை எடுத்துப் புது செட் வாங்கிவிட்டார். முதல் கச்சேரியிலேயே ஏமாற்றம்.

"சார், டபுளா கேக்கலேன்னாகூடப் பரவாயில்ல. பழசைவிடக் கம்மியா கேக்குது. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றார்.

நான் நம்பினேன். தினமும் வாசிக்கிறவன் காது தன் கருவியைப் பற்றிப் பொய் சொல்லாது. ஆனால் மன்றத்தில் காதைச் சான்றாவணமாகக் குறிக்க முடியாதே.

வக்கீல் நோட்டீஸுக்குக் கடை அனுப்பிய பதில் சுருக்கமாக இருந்தது. கேட்டது 100 வாட்ஸ், கொடுத்ததும் 100 வாட்ஸ், எந்த லேபில் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தைப் படித்தபோதே, ஆம்ப்ளிஃபயர் சோதனையில் தேறிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே மனுவில் பொருள் குறைபாட்டை மட்டும் நம்பவில்லை. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. அதன் 2(1)(r) பிரிவின்படி, ஒரு பொருளுக்கு இல்லாத செயல்திறனை இருப்பதாகச் சொல்லி விற்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. (2019 சட்டத்தில் இது 2(47).) மாற்றுக் கோரிக்கையாக இதையும் சேர்த்தேன். வழக்கு கடைசியில் நின்றது இதன்மேல்தான்.

முதலில் வந்த ஆட்சேபணை வழக்கமானது. கச்சேரிக்குக் கூலி வாங்குகிறவர் வணிக நோக்கத்தில் வாங்கியிருக்கிறார், அவர் நுகர்வோரே அல்ல என்றார்கள். லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னதைக் காட்டினேன். தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ ரிக்‌ஷா வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பு உதாரணத்தோடு சொல்கிறது. தானே வாசித்துப் பிழைப்பதற்காக ஆம்ப்ளிஃபயர் வாங்கியவரை எப்படி வெளியே தள்ள முடியும்? அந்த ஆட்சேபணை அதோடு முடிந்தது.

பொறியியல் கல்லூரிப் பேராசிரியை ஒருவரை ஆணையராக நியமித்துச் சோதனைக்கு உத்தரவிட்டார்கள். கல்லூரி லேபில் இரு தரப்பு வக்கீல்களும் இருந்தோம். பழைய 50 வாட்ஸ் செட்டும் புதிய செட்டும் பக்கத்தில் பக்கத்தில். அம்மையார் முதலில் செய்த காரியம் புது ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் போட்டு, டார்ச் அடித்து, பின்புறத் தகட்டைப் படித்ததுதான். கறுப்புத் தகட்டில் வெள்ளைப் பொடி எழுத்து: 100 வாட்ஸ், 4 ஓம். அடுத்து ஸ்பீக்கர் பாக்ஸின் பின்பலகையைக் கழற்றினார். ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 8 ஓம் என்று இருந்தது. "இங்கேயே பாதிக் கதை முடிஞ்சுது" என்றார்.

பிறகு கருவிகளை வைத்து அளந்தார். 1000 ஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்து, ஆசிலோஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, வோல்ட் பார்த்தார். 4 ஓம் சுமையில் புது ஆம்ப்ளிஃபயர் 20 வோல்ட் தந்தது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்ஸ். 400ஐ 4ஆல் வகுக்க 100. தகட்டில் இருந்தது சத்தியம். ஆனால் கடை கூடவே விற்ற 8 ஓம் பாக்ஸை மாட்டினால் 22 வோல்ட். 484ஐ 8ஆல் வகுத்தால் 60 வாட்ஸ்தான். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் இயல்பே இது. ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை, கூடினால் ஆம்ப்ளிஃபயரால் தள்ள முடிகிற மின்னோட்டம் குறைகிறது, வாட்ஸ் இறங்கிவிடுகிறது.

அடுத்து ஸ்பீக்கர். இதைக் கடைகளில் யாரும் கேட்பதில்லை, ஆனால் காசு கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஒரு வாட் மட்டும் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி டெசிபல் மீட்டரை வைத்து ஒவ்வொரு பாக்ஸையும் அளந்தார். பழைய பாக்ஸ் 100 டெசிபல் காட்டியது, புதியது 97. மூன்று டெசிபல்தானே என்று நினைக்கலாம். அந்த மூன்றை ஆம்ப்ளிஃபயரின் பலத்தால் ஈடுகட்ட வேண்டுமென்றால் வாட்ஸை இரண்டு மடங்காக்க வேண்டும். அதாவது சுமாரான ஸ்பீக்கரை மாட்டினாலே 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் 50 வாட்ஸாக ஆகிவிடுகிறது. இங்கே கிடைத்ததோ 60 வாட்ஸ். கூட்டிக் கழித்துப் பார்த்தால் புது செட் பழையதைவிட ஏறத்தாழ 2 டெசிபல் குறைவு. என் கட்சிக்காரர் காது சொன்னதை மீட்டர் அப்படியே சொன்னது. அவர் முகத்தை நான் பார்த்தேன். வழக்கில் வென்றதைவிட அது பெரிய ஆறுதல் அவருக்கு. அதுவரை தன் கைதான் சரியில்லையோ என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

அன்று நடந்த இன்னொரு சோதனைதான் வழக்கைத் திருப்பியது. "டபுள் சவுண்ட்" என்ற வாசகம் உண்மையா என்று தீர்மானிக்க, ஒரே பாக்ஸில் வாட்ஸை மட்டும் மாற்றிக் காட்டும்படி கேட்டேன். கட்சிக்காரர் ஒரே கார்டை ஒரே அழுத்தத்தில் வாசித்ததைப் பதிவு செய்து, அம்மையார் அதை 1 வாட்டில் ஓட விட்டார். பிறகு 2 வாட். எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து, "எப்படி இருக்கு சார்?" என்றார். "லேசாக் கூடியிருக்கு" என்றார் அவர், நேர்மையான மனிதர். 5 வாட்டுக்கும் தலையாட்டினார். 10 வாட் வந்ததும், "இப்பதாம்மா டபுள் மாதிரி இருக்கு" என்றார். பேராசிரியை ஒன்றும் சொல்லாமல் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

காரணத்தை அறிக்கையில் விளக்கியிருந்தார். நம் காது ஆற்றலை நேர்க்கணக்கில் எண்ணுவதில்லை, மடங்குக் கணக்கில் எண்ணுகிறது. ஆற்றல் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் உயர்வு, கவனித்தால் தெரிகிற மாற்றம். சத்தம் இரண்டு மடங்கானதாக மனிதருக்குப் படுவதற்குப் பொதுவாக 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1936இல் முன்வைத்த 'சோன்' என்ற அளவை முதல் இன்றைய பாடநூல்கள் வரை ஏறத்தாழ இந்தக் கணக்குதான். 50 வாட்ஸ் செட்டைவிட டபுள் சவுண்ட் வேண்டுமென்றால் 500 வாட்ஸ் போயிருக்க வேண்டும். எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தாலும் 100 வாட்ஸால் அந்த கேரண்டியை நிறைவேற்றியிருக்க முடியாது.

100 என்ற எண்ணுக்கு இசைக்காரர்களிடம் ஒரு மயக்கம் இருப்பது எனக்குப் புரியாமல் இல்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு 55,000க்கும் மேற்பட்டோர் முன் வாசித்தபோது வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர்களைத்தான் நம்பிப் போனது. கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்கு முன் அவர்கள் வழக்கமாக வைத்திருந்த 30 வாட்ஸிலிருந்து 100க்குப் போனதில் கிடைத்த லாபம் 5 டெசிபல் சொச்சம். அந்த அளவு ஜனத்துக்கு அது எந்த மூலைக்கு?

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதமும் இருந்தது. மனுதாரர் பேஸ் குமிழை முழுக்கத் திருகி, மிடிலைக் குறைத்து வைத்து வாசிக்கிறார், கிட்டார் எடுபடாததற்கு அதுவும் காரணம் என்றார்கள். உண்மைதான். 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில்தான் காது மிகக் கூர்மை. ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலேயே இந்தக் காது வேறுபாட்டை வளைகோடுகளாக வரைந்து காட்டியிருக்கிறார்கள். பேஸ் வாட்ஸைத் தின்னும், மேடையில் கிட்டாரை முன்னுக்குக் கொண்டுவருவது மிடில். பேராசிரியையும் இதை ஒப்புக்கொண்டார். ஆனால் சோதனை குமிழ்களை நம்பி நடக்கவில்லை, இரண்டு செட்டுக்கும் ஒரே சிக்னல். ஆகவே அந்த வாதம் எங்கள் வழக்கைத் தொடவில்லை.

நுகர்வோர் மன்றத்தில் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அரிது. எழுத்தில் வினாப்பட்டியல் கொடுப்போம், பதிலும் பிரமாண வாக்குமூலமாக வரும். விற்கும்போது ஓம் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தேன். "வாடிக்கையாளர் கேட்கவில்லை" என்று பதில். டபுள் சவுண்ட் என்று எதை வைத்து எழுதினீர்கள் என்றதற்கு, "50க்கு 100 டபுள் என்பதால்" என்று எழுதியிருந்தார் உரிமையாளர். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று அன்றும் நான் வாதிடவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர் பெட்டிகளில் 'பி.எம்.பி.ஓ 1000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்ற காலத்தைப் பார்த்தவர்கள் நாம். ஒரு கணம் எட்டிப் பார்க்கும் உச்சத்தை எப்படி எப்படியோ பெருக்கிப் போட்ட எண் அது. தொடர்ந்து தரும் ஆர்.எம்.எஸ் வாட்ஸ் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். வாட்ஸ்தான் சத்தம் என்று ஒரு தலைமுறையையே பழக்கிவிட்டார்கள். ஆனாலும் இந்தச் சட்டப் பிரிவுக்கு உள்நோக்கம் தேவையில்லை. தவறான உறுதிமொழி கொடுக்கப்பட்டது, அதை நம்பிப் பணம் கை மாறியது, அது போதும்.

"அது வியாபாரப் பேச்சு, ஊரிலேயே நல்ல காபி என்று போர்டு வைப்பதில்லையா?" என்று கடைசி நாளில் வாதிட்டார்கள். நல்லது, சிறந்தது என்பது அபிப்பிராயம். 'இரண்டு மடங்கு' என்பது அளந்து பார்க்கக்கூடிய எண். எண்ணைச் சொல்லி அதற்குக் கேரண்டியும் எழுதிக் கொடுத்தவர் அதை அபிப்பிராயம் என்று பின்வாங்க முடியாது என்று பதில் சொன்னேன். தீர்ப்பும் இந்தக் கோட்டில்தான் வந்தது. ஆம்ப்ளிஃபயரில் குறைபாடு இல்லை, விற்ற விதம் நேர்மையற்ற வணிக நடைமுறை. செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழு விலையும் வழக்குச் செலவும் தர வேண்டும். கடை மேல்முறையீடு செய்யவில்லை.

அந்தப் பணத்தில் அவர் ஆம்ப்ளிஃபயர் எதுவும் வாங்கவில்லை. பேராசிரியை சொன்னபடி ஒரு நல்ல மைக் வாங்கி, பழைய 50 வாட்ஸ் பாக்ஸின் முன்னால் நிறுத்தி, சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சருக்கு லைன் கொடுத்துவிட்டார். மேடைக்கு வெளியே கிட்டாரைக் கொண்டுபோவது அங்கிருக்கும் பெரிய ஸ்பீக்கர்களின் வேலையாயிற்று.

ஒரு கோரிக்கை மட்டும் தோற்றது. திருவிழாப் பருவத்தின் நடுவில் கிட்டார் கேட்கவில்லை என்று சொல்லி அந்தக் குழு அவரை நிறுத்திவிட்டது, அந்த வருமான இழப்பையும் கேட்டிருந்தோம். அதை நிரூபிக்க அண்ணனின் வாக்குமூலம் தேவைப்பட்டது. கடைக்காரர்தான் அவர்களுக்கு ஒயரும் கேபிளும் கடனுக்குக் கொடுப்பவர். அண்ணன் கையெழுத்துப் போட வரவில்லை. சாட்சியம் இல்லாததால் அந்தப் பகுதி தள்ளுபடி ஆனது. சட்டப்படி அது சரியான முடிவு. அந்தப் பருவத்தின் கூலி அவருக்குப் போனது போனதுதான்.