ஒரே பெயரில் வந்த இரு நோய்கள்

எல்ம் மரத்தை நான் நேரிற் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்திற் கலைப்பட்டத்துக்குப் படித்த நாட்களில், ஜோன் கொன்ஸ்டபிள் வரைந்த எல்ம் அடிமரத்தின் ஓவியத்தை ஒரு நூலிற் கண்டதோடு சரி. ஆயினும் அம்மரத்தின் கதை, செய்தி எழுதும் எவரும் அறிந்திருக்க வேண்டியது என்பேன்.

எல்ம் ஐரோப்பாவில் பெறுமதிமிக்க மரமாக இருந்தது. இழைகள் பின்னிக் கிடப்பதால் இலகுவிற் பிளக்காது. நீரில் அமிழ்ந்து கிடந்தால் நெடுங்காலம் உக்காது. வண்டிச் சில்லின் குடம், கதிரையின் இருக்கைப் பலகை, நீர்க்குழாய், சவப்பெட்டி யாவும் அதிலேயே செய்தார்கள்.

முதலாம் உலகப்போரை அடுத்து இம்மரங்கள் வாடத் தொடங்கின. போர்க்களத்து நச்சுவாயுவே காரணம் என்றுகூடச் சிலர் கருதினர். நெதர்லாந்தின் பியா ஸ்வார்ஸ் என்ற பெண் ஆய்வாளரே, காரணம் ஒரு பங்கசு எனக் கண்டறிந்தார். மரப்பட்டை வண்டுகள் அதனைக் காவுகின்றன. பங்கசு உள்ளே பரவும்போது, அதைத் தடுக்க மரம் தன் நீர்க்கலன்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. நீர் மேலேறாது இலைகள் வாடுகின்றன.

1927 இல் இந்நோய் பிரித்தானியாவிற் காணப்பட்டது. கிளைகள் பட்டன, ஆனால் பல மரங்கள் புதிய வளையம் வளர்த்துத் தேறின. 1940 களில் நோய் தணிந்தது. அதை நெடுங்காலம் ஆராய்ந்த ரொம் பீஸ், தன் போக்கை முற்றாக மாற்றிக்கொண்டாலன்றி இந்நோய் பேரழிவைத் தராது என 1960 இல் எழுதினார்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மரங்கள் மீண்டும் விழுந்தன. வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய எல்ம் மரக்குற்றிகளோடு வந்திறங்கியது வேறொரு பங்கசு. வாடும் இலையிலும் கறுக்கும் மரத்திலும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பழையது அதிக வெப்பத்தை விரும்புவது. புதியதோ ஏறத்தாழ 22 பாகை செல்சியசில், அதாவது இங்கிலாந்தின் சாதாரணக் கோடையிலேயே, வேகமாக வளர்வது. பெருமரமும் ஓரிரு பருவங்களிற் பட்டுப்போயிற்று. பிரித்தானியாவில் மட்டும் 25 மில்லியனுக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் மடிந்தன. கிளைவ் பிரேசியர் 1991 இல் அதனைத் தனி இனமாகப் பெயரிட்டார்.

பீஸ் தவறாக எழுதவில்லை என்பதே என் எண்ணம். அவர் அறிந்த பங்கசைப் பற்றி அவர் சொன்னது சரி. அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். இடம் போதாதபோது நாம் முதலில் வெட்டுவது அத்தகைய வாசகத்தைத்தான். பின்னர் ‘ஆபத்தில்லை’ என்பது மாத்திரமே எஞ்சும்.

‘பழைய நோய்தான், மீண்டும் வந்திருக்கிறது’ என்று எவரேனும் கூறும்போது, வந்திருப்பது அதே கிருமிதானா என ஒரு கேள்வி கேட்டு வைப்பது நல்லது. இன்றும் இங்கிலாந்தின் வேலியோரங்களில் எல்ம் வேரடிக் கன்றுகள் துளிர்க்கின்றன. பட்டை தடித்ததும் வண்டு தேடி வருகிறது.