தேர்வுக்கு வராத பாடம்

மதுரை வடக்கு வெளி வீதியில் இருக்கும் சேதுபதி மேல்நிலைப்பள்ளியை எல்லோருக்கும் தெரியும். பாரதியார் தமிழாசிரியராக இருந்த பள்ளி. 1904 ஆகஸ்ட் 1ஆம் தேதி சேர்ந்தார். நவம்பர் 10ஆம் தேதி வரை வேலை பார்த்தார். அப்போது வயது 21. சம்பளம் மாதம் பதினேழரை ரூபாய். சோழவந்தான் அரசஞ் சண்முகனார் விடுப்பில் போனதால் கிடைத்த தற்காலிக வேலை அது. பிறகு சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் காலத்து உயர்நிலைப்பள்ளியில் தமிழ் வகுப்புக்கு என்ன இடம் இருந்தது என்பதை இன்றைய பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பிறகு, அது நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வுதான் பள்ளிகளுக்கெல்லாம் குறி. தேறினால் கல்லூரிக்குப் போகலாம், கச்சேரியில் குமாஸ்தாவாகலாம். அதற்கு முதலில் வேண்டியது இங்கிலீஷ். தமிழ்ப் பண்டிதருக்குச் சம்பளமும் குறைவு, மதிப்பும் குறைவு. அப்படி ஒதுக்கிவைத்த வகுப்பில்தான் தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தி எழுதிய சண்முகனார் பாடம் சொன்னார். அவர் இடத்தில் நின்று பாரதியும் சொன்னார். இன்று அந்தப் பள்ளியின் பெருமையைப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அந்தத் தமிழ் வகுப்பைத்தான்.

ஆசிரியர் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: இன்று மார்க்குக்கு உதவாது என்று ஒதுக்குகிற பாடம், நாளைக்கு எதற்கு உதவும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை நம் முன்னோர் உணர்ந்தே இருந்தார்கள். 1911 வாக்கில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்ததன் நோக்கமே, ஒரே ஒரு பரீட்சையை வைத்து மாணவனை எடை போடக்கூடாது என்பதுதான். அதனால்தான் சான்றிதழை ஒற்றைத் தாளாகக் கொடுக்காமல் புத்தகமாகக் கொடுத்தார்கள். என் தலைமுறை ஆட்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அது இன்னும் இருக்கும். வலது கன்னத்தில் ஒரு மச்சம் என்று அங்க அடையாளம் எழுதியிருக்கும். பள்ளியில் வாங்கிய மார்க்கு பாடவாரியாக ஏறியிருக்கும். கீழே தலைமையாசிரியர் கையெழுத்து. பதினோரு வருடப் படிப்பு அது. தக்ளியில் நூல் நூற்றோம், தோட்ட வேலை செய்தோம், நீதிபோதனை வகுப்பில் கதை கேட்டோம். இவற்றில் எதுவும் எங்கள் படிப்பைக் கெடுத்துவிடவில்லை.

1978இல் பிளஸ் டூ வந்தது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் படிக்கிற பிள்ளைகள், கல்லூரிக்குப் போகுமுன் இன்னும் ஒரு வருடம் பள்ளியிலேயே படிக்க வழி பிறந்தது. நல்ல மாற்றம். ஆனால் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கவே 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்குவதாக அறிவித்தது. பிள்ளைகளுக்கு ஒரு வருடப் பயம் குறைவது நல்லதே. ஆனால் தேர்வு இல்லையென்றால் பாடமும் இல்லை என்ற பழைய பழக்கம் திரும்பக் கூடாது. பிளஸ் ஒன் இயற்பியலில் விட்ட அஸ்திவாரம், பொறியியல் கல்லூரி முதல் வருடத்தில் அரியராக வந்து நிற்கும். திறமையான பிள்ளைகள் அங்கே திணறுவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அதேபோல, மார்க்கு அதிகம் வரும் என்று தமிழை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிரெஞ்சுக்கு மாற்றுகிற பெற்றோரும் உண்டு. விருப்பத்தோடு படித்தால் எந்த மொழியும் சொத்துதான். மார்க்குக்காக மட்டும் படித்தால் ரிசல்ட் வந்த அன்றே மறந்துவிடும். இந்தப் பக்கம் தமிழும் கைவிட்டுப் போயிருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் சேர்க்கப் போகும்போது தேர்ச்சி சதவீதத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முழுசாக நடத்துகிறார்களா, பிளஸ் ஒன் பாடத்தைக் கடைசி அத்தியாயம் வரை முடிக்கிறார்களா, விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாரா, நூலகம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். இவற்றுக்கு நேராகப் பதில் சொல்கிற பள்ளியில் பிள்ளையைச் சேருங்கள்.