முதல் தாமதம்

நோயில் பூசுதலுக்கென எம்மை அழைக்க இரவு வேளையில் வருவோரிடம் நாம் முதலில் கேட்பது, "108-க்குச் சொல்லியாயிற்றா?" என்பதே. "நீங்க வந்து பாத்துட்டுப் போங்க சாமி, அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது பலரிடமிருந்தும் வரும் பதில். அதில் விசுவாசம் உண்டென்பதை மறுக்கமாட்டோம். 'கடைசிப் பூசுதல்' என வழங்கிய அருளடையாளத்தை 'நோயில் பூசுதல்' என அழைப்பதே பொருத்தம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கூறிவிட்டது. ஆயினும் குருவையும் மருத்துவரையும் கடைசியில் அழைக்கும் வழக்கம் நம் இல்லங்களைவிட்டு இன்னும் அகலவில்லை.

செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் ஆய்வாளர் இருவர், பேறுகால மரணங்களுக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் நிற்பதாக 1994-இல் எழுதினர். உதவி தேட முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம், சென்றபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தமிழகத்தில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை இரண்டாவதைப் பெரிதும் குறைத்தது. நோயாளியைக் கட்டிலோடு தூக்கிச் சென்றதும், பால் வண்டியை வழிமறித்து ஏற்றியதும் பெரியோர்க்கு நினைவிருக்கும். இன்று கட்டணமின்றி ஊர்தி வருகிறது. பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் அதில் இருக்கிறார். மூன்றாவது தாமதம் மருத்துவமனைகளின் பொறுப்பு. முதல் தாமதமோ நம் வீட்டுத் திண்ணையில் நிகழ்வது.

கருவுற்ற தாயை எடுத்துக்கொள்வோம். நிறைமாதத்தில் மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துகிறது. தாய்க்கு மயக்கம் வரலாம். சேய்க்குச் செல்லும் இரத்தமும் குறையலாம். ஆதலால் ஊர்தி வரும்வரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பதே நன்று. ஐந்தாம் மாதத்திற்குப் பின் கடுந்தலைவலி, கண் மங்கல், வலிப்பு ஆகியவை இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அந்த வலிப்புக்கு மருந்து மெக்னீசியம் சல்பேட். கையில் திணிக்கும் இரும்புச் சாவி அன்று. பிரசவத்திற்குப் பின் உதிரம் நில்லாது பெருகினால், நலமாயிருந்த தாயையும் சில மணி நேரத்திற்குள் இழக்க நேரிடும். "பச்சை உடம்பு, அப்படித்தான் போகும்" என்னும் ஆறுதல் மொழியைப்போல் ஆபத்தானது வேறில்லை.

சில வேளை மருத்துவமனை சேருமுன்னரே குழந்தை பிறந்துவிடுகிறது. தலை வெளியே தெரியும்போது ஓட்டத்தைவிட நிற்பதே மேல் என்று சாலையோரத்தில் வண்டியை நிறுத்துவதும் உண்டு. பிறந்த சிசுவின் முதற்பகை குளிர். ஈரம் போகத் துடைத்து, தாயின் வெற்று மார்பின்மீது கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்தவேண்டும். பெரும்பாலான சிசுக்கள் தாமாகவே மூச்செடுக்கும். தயங்கும் சில, துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் அழத் தொடங்கும். அதற்கும் மூச்சு வராவிடில் முதல் நிமிடத்திற்குள் செயற்கைச் சுவாசம் அளிக்கத் தொடங்கவேண்டும் என்பது மருத்துவ விதி. அந்த ஒரு நிமிடத்திற்காகவே பயிற்சி பெற்றவர் அருகிருக்க வேண்டியிருக்கிறது. தாயின் மார்புச் சூட்டையே மருந்தாக்கும் முறையைக் கொலம்பிய நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர் 1978-இல் தொடங்கினார். குறைமாதக் குழந்தைகளை வைக்க வெப்பப் பெட்டிகள் போதாமையால் எழுந்த முறை அது! நம் வீடுகளிலோ பிறந்த சிசுவை உடனே குளிப்பாட்டிச் சேனை வைக்கத் துடிக்கிறோம். முதற்குளியலை 24 மணி நேரமேனும் தள்ளிவைக்க உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

இங்கே குருவாக ஒன்று சொல்லவேண்டும். சாவின் ஆபத்திலுள்ள சிசுவுக்கு, தக்க கருத்துடைய எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 861-ஆம் பிரிவு. குருவுக்காக வண்டியை நிறுத்திவைக்கத் தேவையில்லை. நெற்றியில் சிறிது நீர் வார்த்தால் போதும். போர்வையைக் கழற்றிக் குழந்தையைக் குளிரச்செய்ய வேண்டியதும் இல்லை.

சற்று வளர்ந்த குழந்தைகள் வேறொரு வகையில் நம்மை ஏமாற்றுவார்கள். நோய் முற்றும்வரை அவர்கள் உடல் தாக்குப்பிடிக்கும். பின்னர் திடீரெனச் சரியும். மூச்சிரைப்பும், பால் குடிக்க மறுப்பதும், அழவும் தெம்பின்றிச் சோர்ந்து கிடப்பதும் காத்திருக்கும் நேரத்தைக் காட்டுவன அல்ல. காய்ச்சல் வலிப்பில் குழந்தையை ஒருக்களித்துக் கிடத்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள்.

நம் நெஞ்சை அதிகம் உறுத்துவது முதியோர் நிலை. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார் என்று எதிர்பார்க்கிறோம். முதியவர்க்கு, சிறப்பாகச் சர்க்கரை நோயுள்ளோர்க்கு, வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவும் வெறும் அசதியாகவும் அது வரும். கிருமித்தொற்று காய்ச்சலின்றி, பேச்சுத் தடுமாற்றமாக மட்டுமே வெளிப்படுவதுண்டு. நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று பிதற்றினால் அதை 'வயசாச்சு' என்று ஒதுக்கலாகாது. வாய் கோணினாலோ ஒரு கை துவண்டாலோ, அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டியது. ஆகவே கடைசியாக எப்போது நன்றாயிருந்தார் என்பதைக் குறித்துச் சொல்லுங்கள். தொண்டை நனைக்கவென்று தண்ணீரோ காப்பியோ புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

எம் கிளைப்பங்கு ஒன்றில் மூதாட்டி ஒருவர் அடுப்படியில் வழுக்கி விழுந்தார். தலையில் சிறு புடைப்பு மட்டுமே. "எனக்கொண்ணும் இல்ல தாயி, அவன வேலையில இருந்து அலைக்கழிக்காத" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார். இதய நோய்க்காக இரத்தத்தை உறையவிடாத மாத்திரையை உண்டுவந்தவர் அவர். அத்தகையோர்க்குச் சிறு அடியும் மூளைக்குள் கசிவாகலாம். நள்ளிரவில் வாந்தியெடுத்த பிறகே ஊர்தி வந்தது. மருமகள் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோனது பேருதவி என்று மருத்துவர் கூறினாராம். பிழைத்தார்; ஆனால் பழைய நடை திரும்பவில்லை. அவரை அந்த நான்கு மணி நேரம் படுக்கையில் கிடத்தியது அறியாமை மட்டுமா? பிள்ளைகளுக்குப் பாரமாகக்கூடாது என்ற அன்பும் அல்லவா? அந்த அன்பை என்ன சொல்லிக் கண்டிப்பது என்று நமக்கும் விளங்கவில்லை.

இன்னுமொரு சிறு செய்தி. தொலைபேசியில் அடையாளம் கேட்டால் எம் மக்கள், "மாதா கெபி பக்கத்துல" என்கிறார்கள். எம் பங்கில் மாதா கெபிகள் ஐந்து. ஊர்ப்பெயர், தெரு, பெரிய சாலையிலிருந்து திரும்பும் இடம் ஆகியவற்றைச் சொல்லும்படி இப்போது ஞாயிறுதோறும் அறிவிக்கிறோம். அழைத்தவுடன் வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் டார்ச் விளக்குடன் திருப்பத்தில் போய் நிற்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறோம்.