பாலோவிலிருந்து தஞ்சோங் பகார் வரை

ஜொகூரில், பெக்கோக்கைத் தாண்டி குளுவாங் போகும் ரயில் பாதையில் இருக்கிறது பாலோ. சின்னக் கடைத்தெரு, சுற்றிலும் செம்பனை, ஊரை ஒட்டித் தண்டவாளம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பறக்கிறவர்கள் கண்ணில் இந்த ஊர் படவே படாது. ரயிலில் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் முழுமையடைந்தது. பாதை போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். வானொலியில் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் வரிசையாக அழைப்பார்கள். வேலை தேடிப் போனது, கல்யாணத்துக்குப் போனது என்று எல்லாக் கதையும் ஒரு சின்ன ஸ்டேசனில் தொடங்கும். பெரும்பாலும் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் போய் முடியும்.

அந்த நிலையம் 1932 மே 2-ஆம் தேதி திறக்கப்பட்டது. வடிவமைத்தது சுவான் அண்ட் மெக்லாரன் என்ற கட்டடக் கலை நிறுவனம். சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசல், தெலுக் ஆயர் சீன மெதடிஸ்ட் தேவாலயம், செசெட் எல் யூத ஆலயம் ஆகியவையும் இவர்கள் வரைந்தவையே. பல சமயத்தாரும் நம்பி ஒரே நிறுவனத்திடம் தங்கள் பொது இடத்தை ஒப்படைத்திருக்கிறார்கள்.

தஞ்சோங் பகாரின் முகப்பில் நான்கு சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். உள்ளே உயர்ந்த வளைவுக் கூரை. சுவர்களில் பெரிய சித்திரப் பலகைகள். நெல் நடவு, ஈயச் சுரங்கம், மாட்டு வண்டி, அவற்றோடு பால்மரம் வெட்டும் காட்சியும் உண்டு. அந்தப் பலகைகள் செய்யப்பட்டதும் ரப்பரால்தான். விடியற்காலையில் மரம் வெட்டிய கைகளோடு ஒருவர் பாலோவில் ரயிலேறி, இங்கே இறங்கி நிமிர்ந்து பார்த்திருந்தால், சுவரில் தன் வேலையையே கண்டிருப்பார். பெயர்தான் இருக்காது.

2011 ஜூன் 30-ஆம் தேதி அங்கிருந்து கடைசி ரயில் கிளம்பியது. கட்டடத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்து சிங்கப்பூர் காப்பாற்றிவிட்டது. ரயில்தான் இல்லை.

நம் பக்கம் கதை வேறு. இங்கே ரயில் இருக்கிறது, நிலையங்கள் மாறிவிட்டன. இருவழி மின்ரயில் பாதைக்காக பாலோ உட்படப் பல ஊர்களில் புது நிலையங்கள் எழுந்தன. 2025 டிசம்பரில் இடிஎஸ் ஜொகூர் பாருவைத் தொட்டது. மின்தூக்கி, மேம்பாலம், கூரையுள்ள நடைமேடை எல்லாம் முதியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் பயணச்சீட்டு இல்லாதவரும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போன பழைய பெஞ்சுக்கு இதில் இடம் இருக்கிறதா? குளுவாங் பழைய நிலையத்தில் 1938 முதல் நடக்கும் கோப்பிக் கடையைப் பாருங்கள். ரயிலுக்காகப் போகிறவர்களைவிட, ரொட்டிக்கும் கோப்பிக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள்தான் அதிகம். ஒரு நிலையம் ஊருக்குச் சொந்தமாவது இப்படித்தான்.

அடுத்த விடுமுறையில் தாத்தா பாட்டியோடு தெற்கே ஒரு ரயில் பயணம் போய் வாருங்கள். பாலோ வரும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, "அந்தக் காலத்தில் இங்கே எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர்களே சொல்வார்கள். சுவரில் இல்லாத பெயர்களெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன.