ஆலய வேன்: எதைப் பார்த்து எடுத்தோம்?

தைப்பூசத்துக்கு வயசானவங்களைப் பத்துமலைக்கு ஏத்திட்டுப் போக, உங்க உபயப் பணத்தில் பழைய டீசல் வேன் தேடினோம். பெரியவங்க உட்காரப் போற வண்டி. பளபளப்பைப் பார்த்து வாங்க மனசு வரல.

மூணு வண்டி பார்த்தோம். முதல் வண்டி, நாங்க போறதுக்கு முன்னாடியே எஞ்சின் சூடா இருந்தது. ஆறின எஞ்சினை நம்ம கண் முன்னாடி ஸ்டார்ட் பண்ணினாதான் டீசலோட குணம் தெரியும். "நாளைக்குக் காலையில வரோம், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொன்னோம். மறுநாள் நீலப் புகை அடங்கவே இல்லை. எஞ்சின் ஆயிலைக் குடிக்குதுன்னு அர்த்தம். கறுப்புப் புகைன்னா ஏர் ஃபில்டர், இன்ஜெக்டரைப் பார்க்கணும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலன்னா, ரேடியேட்டர் தண்ணி எஞ்சினுக்குள்ள இறங்குதோன்னு சந்தேகப்படணும்.

இரண்டாவது வண்டிக்கு அடியில் முழுக்கத் துரு.

மூணாவது, நிறம் மங்கினது. ஆனா ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆச்சு, சர்வீஸ் பில் எல்லாம் பத்திரமா இருந்தது. அதைத்தான் எடுக்கிறோம். பேர் மாத்த புஸ்பாகோம் சோதனை உண்டு. அங்க எஞ்சின், சேசிஸ் நம்பரைச் சரிபார்ப்பாங்க. எஞ்சினோட ஆயுசைச் சொல்ல மாட்டாங்க. அதை நாமதான் பார்க்கணும்.

வேன் வாசலுக்கு வரும்போது நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கும். முருகன் துணை.