கிளச்சும் உடம்படுமெய்யும்

மோட்டார் வாகனம் செலுத்தப் பழகுவோர்க்கு முதற் சோதனையாய் அமைவது சுக்கானன்று. இடது காலின் கீழ்க் கிடக்கும் கிளச்சு மிதியே. சுக்கானைத் திருப்புதல் கண்ணறியும் தொழில். கிளச்சை விடுதலோ காலறியும் தொழில். அதனைச் சொல்லால் விளக்குதல் அரிது. எனினும், சொல்லையே தொழிலாகக் கொண்ட தமிழாசிரியன் ஒருவன் அதனை முயன்று பார்ப்பதில் பிழையில்லை என்று கருதுகின்றேன்.

நாற்பது வயது கடந்த பின்னரே நான் கார் ஓட்டக் கற்றேன். கற்பித்தவர் என் தாய்மாமனார். கார் அவருடைய பழைய மொறிஸ் மைனர். 1948 ஆம் ஆண்டு லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பெற்ற இவ்வகைக் கார் இலங்கைத் தெருக்களில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தமையைப் பழைய மாணவர் பலர் அறிவர். அதன் நான்கு கியர்களுள் மேல் மூன்றிற்கே பற்சில்லுகளின் வேகத்தைத் தானாக ஒப்பச் செய்யும் அமைப்பு உண்டு. முதலாம் கியருக்கு அஃது இல்லை. ஆகவே, ஓடும்போதே முதலாம் கியருக்கு இறங்க விரும்புவோர் கிளச்சை மிதித்து நியூட்றலுக்குக் கொணர்ந்து, மிதியை விட்டு, எஞ்சினைச் சற்று விரைவுபடுத்தி, மீண்டும் கிளச்சை மிதித்தே கியரை மாற்றுதல் வேண்டும். இல்லையேற் பற்கள் கறகறவென்று முழங்கும். “அவசரப்படாதை தம்பி, அது கேக்கிற வேகத்தைக் குடு” என்பார் மாமா.

கிளச்சு ஏன் வேண்டும்? எஞ்சின் ஓய்ந்த நிலையினின்றும் பாரத்தை இழுக்கவல்லதன்று. கார் நிற்கும்போதும் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 தடவை சுழன்றுகொண்டிருக்கும்; சில்லுகளோ அசையா. சுழல்வதனையும் நிற்பதனையும் திடீரெனப் பிணைத்தால் எஞ்சின் துள்ளி அணைந்துபோம். ஆதலின் இடையே உராய்வுத் தட்டொன்றை வைத்தனர். மிதியை மெல்ல விடும்போது அத்தட்டு முதலில் வழுக்கும். பின் சிறிது பற்றும். எஞ்சின் தன் வேகத்திற் சற்றுத் தாழ, சில்லு தன் நிலையினின்று சற்று உயர, இரண்டும் ஒன்றிய பின்னரே முற்றாகப் பற்றும். அவ்விடைப்பொழுதில் வழுக்குதல் குற்றமன்று. அதுவே அதன் தொழில்.

இதனை உணர்ந்தபோது நான் வகுப்பிற் பன்முறை கற்பித்த நன்னூற் புணரியலே நினைவிற்கு வந்தது. ஈற்றுயிரும் முதலுயிரும் நேரே மோத ஒட்டாது, மணியடித்தது என்பதில் யகரமும், திருவருள் என்பதில் வகரமும் இடைநின்று அவற்றை உடன்படச் செய்கின்றன. அதனாலன்றோ அவை உடம்படுமெய் எனப்பட்டன!

கிளச்சின் அருமையை அறிய விரும்புவோர் பிரட்றிக் கோட்டை வாயிலினூடாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையிற் செல்லுக. புள்ளிமான்கள் பாதையைக் கடக்கும். கார் ஏற்றத்தில் நிற்றல் வேண்டும். பின்னாலோ அடியார்கள் நடந்து வருவர். கைப்பிரேக்கை இழுத்து, முதலாம் கியரிலிட்டு, எஞ்சினுக்குச் சிறிது எண்ணெய் கொடுத்து, அதன் ஓசை தாழும் வரை கிளச்சை விட்டு, அதன் பின்னரே கைப்பிரேக்கைத் தளர்த்துதல் முறை. கிளச்சு பற்றுமுன் கைப்பிரேக்கைத் தளர்த்தினால் கார் பின்னோக்கி அடியார்மேல் உருளும். இறங்கும்போதும் தாழ்ந்த கியரிலேயே இறங்குக, நியூட்றலில் விடற்க.

இங்கே மாணாக்கன் ஒருவனைப்பற்றிக் கூறுதல் பொருந்தும். 2006 ஆம் ஆண்டுப் போரில் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, உறவினர் வீட்டிலே தங்கி, தவணையின் நடுவில் என் வகுப்பிற் சேர்ந்தவன் அவன். வகுப்போ முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவன் நின்றிருந்தான். வினாவினால் விடை வராது; தலை மட்டும் குனியும். முதல் வாரங்களில் நான் அவனை வினாவவில்லை. இடாப்பைக் கொண்டுவரும் பணியை ஒப்படைத்தேன். அடுத்த மாதம் பாடத்தில் ஒரு வரி வாசிக்கச் செய்தேன். பின்பு ஒரு பந்தி. பாடத்திட்டம் சில நாள் பின்தங்கியது உண்மையே. ஆண்டிறுதியில் ‘எங்கள் ஊர்க் கிணறு’ என்னும் கட்டுரையைத் தானே எழுதி, வகுப்பின் முன் நின்று முழுவதும் வாசித்தான். வகுப்பு அசையாது கேட்டது.

கிளச்சின் பயனை அக்காலத்தில் நான் அறியேன். இன்று அறிந்தபின் தோன்றுவது இது: விரைந்து சுழல்வதும் நின்றுபோனதும் ஒன்றுசேர வேண்டின், அவற்றிடையே சிறிது காலம் பொறுமை வழுக்க இடமளித்தல் வேண்டும். அவ்விடத்தை அளிக்கும் பொறுப்பு, நின்றவனுடையதன்று. மிதியின்மேல் காலை வைத்திருப்பவனுடையது.

தாமே கியர் மாற்றும் கார்கள் இன்று மலிந்துவிட்டன. அவை வசதியானவையே. ஆயினும் மாணவர்காள், வாய்ப்புக் கிடைப்பின் கிளச்சுடைய காரிலேயே பழகுக. வகுப்பறைக்கும் வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் தானியங்கிக் கியர் இன்னும் வரவில்லை.