புயலும் முகிலும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த முதலாண்டில் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தைப் பயின்றபொழுது, ‘புயல்’ என்னுஞ் சொல் ஆங்கு மழையைக் குறித்து நிற்றலைக் கண்டு யான் திகைத்தேன். இராமேசுவரத் தீவிலே தங்கச்சிமடத்திற் பிறந்து வளர்ந்த எனக்குப் புயலென்றாற் கூரையைப் பெயர்க்குங் காற்று. கடலை ஊருக்குள் அழைத்து வருங் கொடுமை. அச்சொல் பண்டைத் தமிழில் மேகத்தையும் மழையையுஞ் சுட்டியதென ஆசிரியர் விளக்கினார். ‘கொண்டல்’ என்பதும் அவ்வாறே முகிலுக்கும் கீழ்காற்றுக்கும் ஒரு பெயராய் நிற்கின்றது. காற்றையும் முகிலையும் பிரித்துப் பாராத நம் முன்னோர் அறியாமையால் அங்ஙனஞ் செய்தார் என்று அன்று எண்ணினேன். அவ்வெண்ணம் பிழையென்பதையும், அதனை என் அப்பத்தா நெடுநாள் முன்னரே அறிந்திருந்தார் என்பதையும் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அப்பத்தா பிறந்த ஊர் தனுஷ்கோடி. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவருக்கு வயது ஒன்பது. அம்மாதம் 17-ஆம் நாள் தென் அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, வலுத்துப் புயலாகி, 22-ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கிற்று. பாம்பனிலிருந்து பயணிகளோடு சென்ற புகைவண்டி அலைகளில் மூழ்கியது. அதிற் சென்றவர் ஒருவரும் மீளவில்லை. துறைமுகமும், நிலையமும், கோயில்களும், வீடுகளும் ஓரிரவில் அழிந்தன. பின்னர் அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றதென அரசாங்கத்தார் அறிவித்தனர்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளை முன்னிட்டு அப்பத்தா தம் தாயாருடன் நான்கு நாள் முன்னதாகவே தங்கச்சிமடம் வந்திருந்தார். வலைகளைக் காக்க அவர் தமையனார் அங்கேயே தங்கிவிட்டார். புறப்படுகையில் வான் முழுதும் வெண்மயிர் சீவியதுபோன்ற மேகங்கள் கீழ்த்திசையிலிருந்து பரந்திருந்தனவாம். “மேலே போகிற மேகந்தானே, நம்மை என்ன செய்யும்?” என்று தமையனார் நகைத்தாராம். அதுவே அவரிடமிருந்து கேட்ட கடைசிச் சொல். அன்றுமுதல் அப்பத்தா வானத்தை நம்புவதில்லை.

இனி, அம்மேகங்கள் எவையென்பதைச் சிறிது ஆராய்வோம். வெப்பமான கடலின்மேல் நீராவி நிறைந்த காற்றுப் புயலின் நடுவிடத்தை நோக்கிச் சுழன்று வந்து மேலெழுகின்றது. எழுந்த நீராவி குளிர்ந்து முகிலாகுங்கால் வெளிப்படும் வெப்பமே புயலுக்கு உணவு. பத்துக் கல்தொலைவையொத்த உயரத்திற்குச் சென்ற காற்று அதற்குமேற் செல்லவியலாது பக்கங்களிற் பரவுகின்றது. அதனோடு பனிப்பளிங்குகளாலாகிய கீற்று முகில்கள் நூற்றுக்கணக்கான கல்தொலைவு முன்னே விரைந்து வருகின்றன. நடுவிலுள்ள ‘கண்’ணிலோ காற்று கீழிறங்குவதால் வான் தெளிந்து தோன்றும். ஆகவே, முகில் என்பது புயலின்மேற் போர்த்த ஆடையன்று; அதன் உடலே முகில். 1848-இல் கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் இச்சுழற்சிக்கு ‘சைக்ளோன்’ எனப் பெயரிட்டபோது காற்றின் சுழற்சியையே நோக்கினார். 1960-இல் ‘டைரோஸ்’ என்னும் முதல் வானிலைச் செயற்கைக்கோள் விண்ணேறிய பின்னரே முகிற்கூட்டம் முழுவதையும் மேலிருந்து காண இயன்றது.

நிற்க. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாளிரவு ‘புரெவி’ என்னும் புயல் திரிகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் மன்னார் வளைகுடாவிற் புகுந்தது. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தது. எங்கள் வள்ளத்தைத் தந்தையார் கரைமேல் இழுத்துக் கட்டியிருந்தார். புயல் வலுவிழந்து தாழ்வு மண்டலமாயிற்றென்று வானொலி கூறக் கேட்டதும், பதினான்கு வயதினனாகிய யான் வள்ளத்தைப் பார்த்து வரலாமென்று தந்தையாரை அழைத்தேன். வாயிலில் அமர்ந்திருந்த அப்பத்தா தடுத்தார்.

“புயல் செத்துப் போயிற்று, அப்பத்தா, வானொலியிற் சொல்லிவிட்டார்கள்” என்றேன்.

“புயல் செத்தாலும் மூட்டம் கலையவில்லையே, ஐயா. மூட்டம் கலையட்டும்” என்றார்.

“உங்கள் அண்ணன் போனதற்காக, வருகிற மேகத்துக்கெல்லாம் நாங்கள் பயந்து சாகவேண்டுமா?” என்று சினந்து கேட்டுவிட்டேன்.

அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றார். தந்தையார் என்னை ஒருமுறை நோக்கிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். அந்தத் தாழ்வு மண்டலமோ எங்கள் மாவட்டக் கரையருகே அசையாது நெடுநேரம் நின்றது. காற்றின் வேகம் அடங்கிற்று, முகில் அடங்கவில்லை. மையம் எங்கள் கடலில் நிற்க, வடக்கே தொலைவிலுள்ள சிதம்பரப் பகுதியில் ஒரு நாளில் 30 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டிற்று. புயலின் பெயர் நீங்கிய பின்னும் அதன் மூட்டம் நீங்குவதில்லை என்னும் பாடத்தை அன்று கற்றேன். ஆயினும் அப்பத்தாவிடம் மன்னிப்புக் கேட்க நா எழவில்லை.

கல்லூரிக்கு வந்தபின், நூல்நிலையத்தில் துருவப் பகுதிகளின் வானிலையைக் கூறும் நூலொன்றைத் தற்செயலாய்ப் புரட்டினேன். 2015-இன் குளிர்காலத்தில் சுவால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ‘லான்ஸ்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பலைப் பனிக்கட்டியில் உறையவிட்டு அறிஞர்கள் ஆராய்ந்தனர். அங்கே மாதக்கணக்கில் ஞாயிறு தோன்றுவதில்லை. வான் தெளிந்திருக்குங்கால் பனிப்பரப்பின் வெப்பம் தடையின்றி விண்ணிற்குச் சென்றுவிட, உறைநிலைக்குக் கீழே 30 பாகையினுங் குளிர் மிகுகின்றது. தெற்கே அட்லாந்திக் கடலினின்று புயலொன்று ஈரக்காற்றைச் சுமந்து வரின், தாழ்ந்த முகில்கள் வானை மூடுகின்றன. அவை வெப்பத்தை மீளக் கீழே அனுப்புகின்றன. காற்றும் முகிலும் கூடி ஓரிரு நாளிற் குளிரை உறைநிலையின் அருகுவரை தணிக்கின்றன. பனிக்கட்டி தடித்து வளர்தலும் அதனால் தடைப்படுகின்றது. புயல் சென்ற பின்னும் முகில் எத்துணை நேரம் தங்குமென்பதே அங்கு ஆராய்ச்சியாளர் கேட்கும் வினா. நம் நாட்டினரும் 2008 முதல் அத்தீவுகளில் ‘ஹிமாத்ரி’ என்னும் நிலையம் அமைத்து ஆராய்ந்து வருகின்றனர்.

இதனைப் படித்தபோது அப்பத்தாவின் சொல்லொன்று நினைவிற்கு வந்தது. மார்கழியில் முற்றத்திற் கருவாடு காயவிட்டிருக்கையில், மாலையில் வானை நோக்கி, “இன்று மூட்டம் இருக்கிறது, பனி இறங்காது, மூடவேண்டாம்” என்பார். தெளிந்த இரவில் நிலம் குளிர்ந்து பனித்துளி படிதலும், முகில் மூடிய இரவில் அது படியாதிருத்தலும் அவர் கண்ட உண்மை. வடதுருவத்தார் கருவிகளால் அளந்ததும் இவ்வுண்மையே. பகலில் நிழலாய் நின்று குளிர்விக்கும் முகில், இரவிற் போர்வையாய் வெப்பங் காக்கின்றது. துருவத்தின் நெடிய இரவில் அது போர்வை மட்டுமே.

ஆயின், அப்பத்தாவின் அறிவும் எல்லையற்றதன்று. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் காலை வானை நோக்கிய அவர், “காற்றில்லை, இது வெறும் வாடை மழை” என்றாராம். அன்று பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ. மழை பெய்தது, இராமேசுவரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 41 செ.மீ. பெய்தது. புயலென்று பெயர் பெறாமலே முகில் உடைந்தது. வீட்டினுள் முழங்காலளவு நீர் புக, தந்தையார் அவரை முதுகிற் சுமந்து அயல்வீட்டு மாடிக்குக் கொண்டு சேர்த்தார். யானோ விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்தும் பகல் முழுதும் எவர் குரலுங் கேட்கவில்லை. அந்த ஒரு பகலில் அவருடைய அறுபதாண்டு அச்சத்தின் அளவு எனக்கு ஒருவாறு புலனாயிற்று. வானத்தையே நோக்கிக்கொண்டு, அங்கிருப்பவர் நிலை யாதோவென்று அறியாதிருத்தல் எத்தகையதென்பதை எந்த நூலும் எனக்குக் கற்பிக்கவில்லை.

திருநாள் விடுமுறைக்கு யான் வீடு சென்றபோது, சுவரிற் பதிந்த நீர்க்கோட்டைக் காட்டி, “எனக்கும் தெரியாமல் போயிற்றே, ஐயா” என்று நாணத்தோடு கூறினார். அவர் தவறியதற்கு அவர் நாணினார். யான் தவறியதற்கு இன்னும் வாய் திறந்திலேன்.

அப்பத்தா எழுத்தறியாதவர். இவ்வாண்டு மலர் வெளிவந்ததும் இதனை எடுத்துச் சென்று வாயிற்படியில் அமர்ந்து அவருக்குப் படித்துக் காட்டுவேன். ‘புயல்’ என்பதற்கு முகிலென்றும் பொருளுண்டென நூல்கள் கூறுகின்றன என்று சொல்லுவேன். “இதற்குத்தானா இத்தனை படிப்பு?” என்று அவர் கேட்கக்கூடும். கேட்டால், ஆமென்று சொல்லி, அன்றைய சொல்லுக்கு மன்னிப்பும் கேட்பேன்.